ஒடியாத வண்டி

காரைக்கால் பதிவெண் தாங்கிய விலை உயர்ந்த பெரிய பெரிய கார்கள் வெளியூர்களில் எத்தனையோ ஓடுகின்றன. இங்கே வரி குறைவு என்று பதிந்துகொண்டு போனவை. ஊருக்குள் அவற்றைப் பார்ப்பது அபூர்வம். பக்கத்து ஊரான பட்டினத்துக்குப் போகிற சாலையில் இருபது வருடமாக வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். என் மேடையில் ஏறியவை எல்லாம் சின்னக் கார்கள், டாக்சிகள், மீன் ஏற்றும் குட்டி யானை வேன்கள். அந்த ரகத்தில் ஒரே ஒரு வண்டிதான் என்னிடம் வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

வரவழைத்தது என் மனைவி. அவள் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருக்கிறாள். வேலை முடிந்து வந்ததும் அன்றைக்கு வார்டில் யார் என்ன பேசினார்கள் என்று சொல்லிக்கொண்டே சமைப்பாள். நான் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்துக் கொடுப்பேன். ஒருநாள் சொன்னாள்.

"பட்டினத்துலேருந்து ஒரு பெரியவர் வர்றாருங்க, வாரத்துக்கு மூணு தடவ. மகன்தான் கூட்டிட்டு வர்றாரு, பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். காரு என்னமோ பறக்குற மாதிரி இருக்கு. ஆனா அவங்க தெருவுல திரும்பவே மாட்டேங்குதாம். முன்னாடி பின்னாடி முன்னாடி பின்னாடின்னு எடுக்குறதுக்குள்ள பெரியவர் வாந்தி எடுத்துடுறாரு. பாவமா இருக்கு. நீங்க ஒரு தடவ பாருங்களேன்."

"அலைன்மென்ட்டுல அதெல்லாம் சரியாகாது" என்றேன்.

"பார்க்காமலே சொன்னா எப்படி?" என்றாள்.

அடுத்த வாரம் வாத்தியார் வந்தார். நாற்பது வயது இருக்கும். தாடியில் நரை ஏறத் தொடங்கியிருந்தது. இறங்கியதும் ஒரு கிராஃப் தாளை விரித்து வைத்தார். தன் சந்தின் அகலம், அது தெருவைச் சேரும் முனை, எதிர்வீட்டுப் படிக்கட்டு, மின்கம்பம் எல்லாவற்றையும் அளந்து கோடு போட்டிருந்தார். அதன்மேல் காம்பஸால் இரண்டு வட்டம். ஒன்று பக்கத்து வீட்டுக்காரரின் சின்னக் கார் திரும்புகிற வட்டம். இன்னொன்று இவருடைய வண்டியின் வட்டம். இரண்டாவது வட்டம் எதிர்வீட்டுக்காரரின் கூடத்துக்குள் போயிருந்தது.

"ஒரே கட்ல அவன் போயிடுறான் அண்ணே. எனக்கு முன்னாடி பின்னாடின்னு அஞ்சு கட் அடிக்க வேண்டியிருக்கு. ஸ்டியரிங் ஒடிஞ்சு திரும்ப மாட்டேங்குது. ஏதாவது கோளாறா இருக்குமா?"

வண்டியை மேடையில் ஏற்றி அடியில் போய்ப் பார்த்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. கூப்பிட்டுக் காட்டினேன். டயரின் அகலத்தை முதலில் காட்டினேன், என் இரண்டு கைப்பிடிக்கும் மேலே இருந்தது. வேகமாகப் போகும்போது சாலையை விடாமல் பிடிக்க அந்த அகலம் வேண்டும். ஆனால் அவ்வளவு தடிமனான சக்கரத்தை முழுசாகத் திருப்பினால் அதன் உள்விளிம்பு சஸ்பென்ஷன் கையில் போய் இடிக்கும். உள்ளே தள்ளி இடம் விடலாமென்றால் அங்கே பெரிய இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. அது போதாதென்று முன்சக்கரத்துக்கும் இன்ஜினிலிருந்து சுழற்சி போகிறது. அதைக் கொண்டுபோகிற தண்டின் மூட்டு ஓரளவுக்குத்தான் மடங்கும். அதற்கு மேல் மடக்கினால் உடையும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நீளமும் அதிகம், வேகத்தில் ஆட்டம் காணாமல் இருப்பதற்காக. நீளம் கூடினால் வட்டமும் கூடும்.

"அதனால கம்பெனிக்காரனே ஸ்டியரிங் தண்டுக்குள்ள ரெண்டு பக்கமும் ஒரு வளையம் போட்டு இதுக்கு மேல திரும்பாதேன்னு நிறுத்தி வச்சிருக்கான் சார். குறை இல்ல இது. தெரிஞ்சே விட்டுக்கொடுத்தது. நேரா பறக்கணும்னா திரும்புறதுல கொஞ்சம் இழக்கணும்."

அவர் கிராஃப் தாளை மடித்துக்கொண்டே, "அப்ப அந்த வளையத்தை எடுத்துட்டா?" என்று கேட்டார். கணக்கு வாத்தியார் அல்லவா.

"எடுக்கக் கூடாது சார்."

"சரி அண்ணே" என்று எழுந்தார். போகும்போதுதான் வண்டியின் கதையைச் சொன்னார். அவருடைய தம்பி பெங்களூரில் வேலை பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. முப்பத்தாறு வயதில் மாரடைப்பில் போய்விட்டார். வண்டி மட்டும் வீட்டுக்கு வந்தது. "ஆட்டோ கூப்பிட்டா வாப்பா ஏற மாட்டேங்குறாங்க. இதுல உக்காந்தா அவன் பக்கத்துல இருக்குற மாதிரி இருக்காம். என்ன செய்யச் சொல்றீங்க?"

 அந்தச் சனிக்கிழமை காலையில் கடை திறக்குமுன் நானாகவே அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சாலையிலிருந்து பிரிந்த தெருவிலிருந்து இன்னொரு சந்து. சந்தின் கடைசியில் பள்ளிவாசல் மதில். அதன் முன்னால்தான் வண்டி நின்றது. பெரியவரை இரண்டு பேராகப் பிடித்து முன் இருக்கையில் இறக்கினோம். இருக்கை அவ்வளவு தாழ்வு. ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையை ஒரு குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார்.

வாத்தியார் வண்டியை எடுத்தார், நான் பக்கத்திலேயே நடந்தேன். முனைக்கு வந்து ஒடித்தார். போகவில்லை. பின்னால் வந்தார். மறுபடி ஒடித்தார். ஒவ்வொரு தடவையும் பெரியவரின் தலை முன்னும் பின்னும் ஆடியது. மூன்றாவது கட் அடிக்கும்போது கண்ணாடியை இறக்கச் சொல்லி வெளியே துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சின்னவன் ஓட்டுனா ரெண்டே கட்ல எடுத்துருவான். இவனுக்கு வண்டி பேச்சுக் கேக்கல."

அது உண்மையாக இருக்க முடியாது. யார் ஓட்டினாலும் அந்த முனையில் அந்த வண்டி இரண்டே தடவையில் திரும்பாது. வாத்தியாருக்கும் அது தெரியும், அளந்து வரைந்தவர் அவர்.  ஆனாலும் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே நான்காவது கட் அடித்தார். அவர் கழுத்து சிவந்துபோயிருந்ததை நான் பார்த்தேன். வாந்தி அல்ல என்னை அசைத்தது, அந்தக் கழுத்துதான்.

திங்கட்கிழமை போன் செய்து வரச் சொன்னேன்.

அன்றைக்கு அவருக்கு மதியம் வகுப்பு இருந்தது. பதினொன்றரைக்குள் முடிக்கவேண்டும். ஸ்டியரிங் தண்டின் இரண்டு முனையையும் கழற்றி வளையங்களை எடுத்தேன். திரும்பப் பூட்டி, முழுசாக ஒடித்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். டயரின் உள்விளிம்புக்கும் பிரேக் எண்ணெய் போகிற ரப்பர்க் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. வண்டி மேடையில் தூக்கியபடி நின்றது. உள்ளே ஆள் இல்லை. இறக்கி வைத்து, முன் இருக்கையில் ஒரு ஆளை உட்காரவைத்து, பாரம் ஏறின நிலையில் மறுபடி பார்த்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மணி பதினொன்றே முக்கால். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

"ஒரு வாரம் ஓட்டிட்டுக் கொண்டாங்க சார். ஒரு தடவ பாத்துடணும்."

அவர் சொன்னபடியே வந்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வந்த அன்று இரண்டு டாக்சிகள் காத்திருந்தன. நான் மேடையில் ஏற்றாமல், குனிந்து சக்கர இடுக்கில் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். கறுப்பாக எல்லாம் ஒன்றுபோல இருந்தது. "நல்லா இருக்கு சார், போங்க" என்றேன்.

ஐந்து கட் மூன்றாகியிருந்தது. பெரியவர் வார்டில் என் மனைவியிடம், "ஒங்க வூட்டுக்காரர் கை நல்லா இருக்கணும்மா" என்று சொன்னாராம். அவள் அதை இரண்டு தடவை என்னிடம் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கம்பெனிக்காரன் முடியாது என்றதை நான் முடித்துவிட்டேன் என்று தோன்றியது. கடைக்கு வந்த ஒன்றிரண்டு பேரிடம் சொல்லிக்கூட இருக்கிறேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நகரத்துக்குள் நுழையும் ஆற்றுப் பாலத்திலிருந்து இறங்கும்போது முன்னால் ஒரு டவுன் பஸ் நின்றது. வாத்தியார் பிரேக்கை அழுத்தினார். மிதி தரைவரைக்கும் இறங்கியது. மற்ற சக்கரங்களில் கொஞ்சம் பிடிப்பு இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் பஸ்ஸுக்குள்ளேயே போயிருப்பார்கள். இடது பக்கம் ஒடித்து, சாலையோர வடிகால் சுவரில் மோதி நின்றார். அவருக்கு நெற்றியில் சின்னக் காயம். பெரியவருக்குத் தொடையெலும்பு முறிந்துவிட்டது.

எனக்கு முதலில் போன் செய்தது மனைவிதான். "அந்தப் பெரியவருங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். மதியம் இழுவை வண்டியில் காரைக் கட்டிக்கொண்டு நேராக என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். வாத்தியார்தான் அனுப்பியிருந்தார். அவருக்கு நம்பிக்கையான ஆள் நான் ஒருவன்தானே.

இடது முன்சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் குழாய் ஒரு பக்கம் மழித்தது போல வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. தேய்ந்த இடத்தின் நடுவில் பிளவு. டயரின் உள்விளிம்பில் அதே உயரத்தில் ஒரு பளபளப்பான கோடு. பெரியவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி அந்தப் பக்கம் அழுந்தும். சந்து முனையில் முழுசாக ஒடிக்கும்போது அந்த ஒரு விரல் இடைவெளி இல்லாமல் போயிருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள், போக வர, ஒவ்வொரு கட் அடிக்கும்போதும் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. இரண்டு மாதம் தாங்கியிருக்கிறது. 

சாயங்காலம் வாத்தியார் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். பின்னால் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"பிரேக் ஏன் அண்ணே பிடிக்கல? நான் வேகமா வந்துட்டேனா?"

"பிரேக் ஹோஸ் வெடிச்சிருக்கு சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "பழைய ரப்பர். எப்ப வேணா போகும்" என்றும் சொன்னேன்.

"ஓ" என்றார். "பாலத்து எறக்கத்துல கொஞ்சம் மெதுவா வந்திருக்கணும்."

"பெரியவரைப் பாத்துக்குங்க சார்" என்று போனை வைத்தேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். "நான்தானே போய்ப் பாருங்கன்னு சொன்னேன்" என்றாள். "நீ பார்க்கத்தான் சொன்ன. கழட்டச் சொல்லல" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "அவர்கிட்ட எப்ப சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். பெரியவர் கொஞ்சம் தேறட்டும் என்றேன்.

அவர் தேறவில்லை. அந்த உடம்பில் அறுவை செய்யப் பயந்தார்கள். காலுக்கு எடை கட்டி இழுத்து வைத்தபடியே டயாலிசிஸ் நடந்தது. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியது. பத்தொன்பதாம் நாள் விடியும்போது வாத்தியார் எனக்கு அனுப்பிய செய்தி: "வாப்பா மவுத்தாயிட்டாங்க. அஸருக்கு அடக்கம்." போனேன். அஸர் தொழுகை முடியும்வரை பள்ளிவாசல் மதில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து வந்து கையைப் பிடித்தார். "சிஸ்டர்கிட்ட சொல்லுங்க அண்ணே, ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டாங்க" என்றார். அந்தக் கையை எப்படி விடுவித்துக்கொண்டு வந்தேன் என்று நினைவில்லை.

வண்டி என் கடையின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு நின்றது. தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கினால் அதுதான் தெரியும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. யாரும் கேட்கவுமில்லை. தவக்காலம் தொடங்கிய வாரத்தில் சர்ச்சுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் நடந்ததைச் சொன்னேன். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரிடம் சொன்னீர்களா?" என்றார். இல்லை என்றேன். "என்னிடம் சொல்வது அதற்குப் பதிலாகாது" என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் பெரியவருக்கு நாற்பதாம் நாள் ஓதி முடித்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டுக்குப் போனேன். மேசையில் விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. சிவப்பு மையில் திருத்திக்கொண்டிருந்தார். வாங்க என்று எழுந்து நாற்காலி போட்டார். உட்காராமலே சொன்னேன். வளையத்தை எடுத்ததும், பாரம் ஏற்றிப் பார்க்காமல் விட்டதும், மறுபடி கொண்டுவந்தபோது செல்போன் வெளிச்சத்தில் பார்த்து அனுப்பியதும், பழைய ரப்பர் என்று சொன்னதும். ஒன்றையும் குறைக்கவில்லை.

பேனாவை மூடி வைத்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, இரண்டு தடவை அழுத்தினார்.

"பழைய ரப்பர் இல்லையா?" என்றார்.

"இல்ல சார்."

"அப்ப நான் மெதுவா வந்திருந்தாலும்?"

"அன்னிக்கு இல்லாட்டி வேற ஒரு நாள் போயிருக்கும் சார். உங்க மேல தப்பு இல்ல."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பாமலே பேசினார். குரல் உயரவில்லை.

"பத்தொம்பது நாள் அண்ணே. கண்ணு முழிச்சப்பெல்லாம் வாப்பா ஒண்ணுதான் கேட்டாங்க. ஏன்டா அவ்வளவு வேகமா வந்த? சின்னவன் ஓட்டியிருந்தா என் கால் போயிருக்காதுன்னாங்க. கடைசி நாளும் அதைத்தான் சொன்னாங்க. நான் மன்னிச்சிருங்க வாப்பான்னேன். நீங்க அன்னிக்குப் போன்ல சொல்லியிருந்தீங்கன்னா, இல்ல வாப்பா, நான் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அவங்க அதைக் கேட்டுட்டுப் போயிருப்பாங்க."

நான் வந்தபோது நினைத்திருந்தது வேறு. வண்டியைக் கெடுத்தேன், ஒரு மனிதர் போனதற்குக் காரணமானேன், அதற்கு அவர் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்ளவேண்டும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அந்தப் பத்தொன்பது நாளும் அந்தக் கட்டிலின் பக்கத்தில் இவர் எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. என் மனைவி அதே ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் இரண்டு தடவை வார்டு வாசல்வரை போய்ப் பழம் கொடுத்துவிட்டு வந்தேன்.

"கோளாறு பண்றது யாருக்கும் நடக்கும்" என்றார் வாத்தியார். "நான்தானே கேட்டேன் அதை எடுக்க முடியுமான்னு. அதுக்கு உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கப்புறம்..."  மேசைக்குத் திரும்பி வந்து, "போயிட்டு வாங்க அண்ணே" என்றார்.

அந்த மாதமே வண்டியைச் சென்னையில் ஒருவருக்கு விற்றுவிட்டார். கொடுக்குமுன் இடித்த இடத்தைச் சரிசெய்து, புதுக் குழாய் மாட்டி, வளையங்களைத் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை என் மைத்துனரை முன் இருக்கையில் உட்காரவைத்து, தரையில் படுத்துப் பார்த்தேன். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. எடுத்துப் போக வந்தவர் கடை வாசலில் திருப்ப முடியாமல் மூன்று தடவை முன்னே பின்னே எடுத்தார். "என்னங்க இது, லாரி மாதிரி திரும்புது" என்று சிரித்தார். "அப்படித்தாங்க செஞ்சிருக்காங்க" என்றேன்.

போன மாதம் பேருந்து நிலையத்துப் பக்கம் மருந்துக்கடையில் வாத்தியாரைப் பார்த்தேன். மழைக்காக இரண்டு பேரும் ஒரே கூரைக்கு அடியில் ஒதுங்கும்படி ஆகிவிட்டது. ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். சிஸ்டர் எப்படி இருக்காங்க என்று கேட்டார். வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்றேன். பிறகு இருவரும் சாலையில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கோபம் இல்ல அண்ணே" என்றார் திடீரென்று. "உங்க கடைப் பக்கம் வந்தா வாப்பா கேட்டதுதான் காதுல விழுது. அதான் வர்றதில்ல."

"சரி சார்" என்றேன்.

மழை விடவில்லை. அவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மருந்துப் பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, நனைந்தபடியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.